அப்பாவின் சைக்கிளுக்குப் புதுக் கொம்பு

எங்கள் வீவக வீட்டின் பின் அறையில் ஒரு பழைய மவுண்டன் பைக் ஏழெட்டு ஆண்டுகளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. 1998ல் அப்பா வாங்கியது. கப்பல் பட்டறை வேலைக்கு அதில்தான் போய் வருவார். அவர் ஓய்வு பெற்றபின் டயரில் காற்று இறங்கியது. செயினில் துரு ஏறியது. ஹேண்டில்பாரில் அம்மாவின் துணிப்பைகள் தொங்கின.

“காராங்குனிக்காரர் வந்தால் கொடுத்துவிடலாம்” என்று அம்மா சொன்ன அதே வாரம்தான் எனக்கும் ஓர் ஆசை வந்தது. சாங்கி முனையில் படகு ஏறி, பெங்கேராங்கில் இறங்கி, தேசாரு வரை சைக்கிளில் போக வேண்டும். கடைகளில் நெடும்பயணச் சைக்கிளின் விலையைக் கேட்டேன். ஆயிரம் வெள்ளிக்குக் கீழ் எனக்குச் சரிப்பட்டு எதுவும் அமையவில்லை. வீட்டுக்கு வந்து பின் அறைக் கதவைத் திறந்தேன்.

பழைய எலும்புதான் பலம்

80களிலும் 90களிலும் வந்த மவுண்டன் பைக்குகள் பலவற்றுக்கு எஃகுச் சட்டகம். முன்புறம் ஸ்பிரிங் இல்லாத நேரான ஃபோர்க். கேரியரும் மட்கார்டும் மாட்டத் துளைகள் இருக்கும். 26 அங்குலச் சக்கரம் சுமை தாங்கும். மேடு ஏற இலகுவான கியரும் உண்டு. நெடும்பயணச் சைக்கிளுக்குத் தேவையானதெல்லாம் கிட்டத்தட்ட இவைதான்.

குறை ஒன்றுதான். நேரான ஹேண்டில்பாரில் கை வைக்க ஒரே இடம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு மரத்துப்போகும். கிடாக் கொம்பு போல வளைந்த ‘டிராப் பார்’ என்றால் மேலே, லீவர்களின் தலையில், கீழ் வளைவில் என மூன்று இடங்களில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். எதிர்க்காற்று அடித்தால் குனிந்துகொள்ளலாம்.

இது புது யோசனையும் அல்ல. அமெரிக்க வீரர் ஜான் டோமாக், 1990லேயே டிராப் பார் பூட்டிய சைக்கிளில் மலைப்பாதைப் பந்தயம் ஓட்டினார். அந்த ஆண்டு அவர் சாலைப் பந்தயக் குழு ஒன்றிலும் இருந்ததால், இரண்டு சைக்கிளிலும் ஒரே மாதிரி உட்கார விரும்பினார்.

அப்பாவிடம் சொன்னேன். “ஓடுற சைக்கிளை ஏம்மா பிரிச்சுப் போடுற?” என்றார். ஓடி எத்தனை வருஷம் ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

ஒன்றை மாற்றினால் நான்கு மாறும்

ஹேண்டில்பாரை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழைய ஸ்டெம்மின் வாய் 25.4 மில்லிமீட்டர், நான் வாங்கிய டிராப் பாரின் நடுப்பகுதி 31.8. எனவே புது ஸ்டெம், அதைப் பழைய ஃபோர்க்கில் பொருத்த ஓர் அடாப்டர். டிராப் பாரின் குழாய் தடிமனாக இருப்பதால் பழைய பிரேக் லீவரும் கியர் மாற்றியும் அதில் ஏறாது. அவையும் போயின.

அளவும் மாறும். டிராப் பாரில் கை முன்னால் தள்ளிப் போகிறது. மவுண்டன் பைக்கின் சட்டகமோ ஏற்கெனவே நீளம். பழைய நீள ஸ்டெம்மை வைத்தால் முதுகு படுத்துக்கொள்ளும். நான் 60 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டு, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினேன்.

கியருக்கு எளிய வழி, ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் செருகும் சிறு நெம்புகோல்கள். ‘கிளிக்’ இல்லாமல் உராய்வில் நிற்கும்படி அமைத்துவிட்டால், பின்னால் ஏழு பல்சக்கரம் இருந்தாலும் எட்டு இருந்தாலும் கவலையில்லை. சரியான இடத்தில் நிற்கிறதா என்று செயின் சத்தத்தைக் கேட்டே பழக வேண்டும். வானொலிக்காரிக்கு அது பெரிய வேலை இல்லை.

ஃபேபர் மலை சொன்ன பாடம்

பிரேக்கில்தான் தப்பு செய்தேன். 25 வெள்ளிக்கு மலிவாகக் கிடைத்த, சாதாரணச் சாலைச் சைக்கிளின் பழைய லீவர்களை வாங்கிப் பூட்டிவிட்டேன். புளோக்குக்குக் கீழே இரண்டு சுற்று ஓட்டினேன்; நின்றது. மறுநாள் மாலை ஃபேபர் மலை இறக்கம். தூறல் வேறு. பிரேக்கை அழுத்தினேன். லீவர் ஹேண்டில்பாரை வந்து தொட்டுவிட்டது; வேகம் குறைந்ததே தவிர சைக்கிள் நிற்கவில்லை. ஓரத்துப் புல்லில் இறக்கி விழுந்தேன். முழங்கை உரிந்ததோடு போயிற்று.

காரணம் எளிது. அப்பாவின் சைக்கிளில் இருப்பது வி-பிரேக். 90களின் பிற்பகுதியிலிருந்து மவுண்டன் பைக்குகளில் அதிகம் வந்த வகை. அதன் நீளமான கைகள் ரிம்மை நன்றாகப் பிடிக்க, கேபிளை அதிக நீளம் இழுக்க வேண்டும். சாதாரணச் சாலை லீவர் ஏறக்குறைய அதில் பாதிதான் இழுக்கும். வி-பிரேக்குக்கென்றே செய்த டிராப் பார் லீவர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அதற்கும் பழைய ‘கான்டிலீவர்’ பிரேக் உள்ள சைக்கிள் என்றால் சாதாரண லீவரே போதும். வாங்குமுன் உங்கள் சைக்கிளில் இருப்பது எது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு வேலையை மட்டுமாவது கடைக்காரரிடம் விடுங்கள்.

காயத்துக்கு மருந்து போட்டபடி அப்பா ஒன்றுதான் கேட்டார்: “கிளம்புறதுக்கு முன்னாடி அழுத்திப் பாத்தியா?”

அப்போதுதான் நினைவு வந்தது. பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு விடியற்காலையும், மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும், சைக்கிளை இரண்டடி தள்ளி முன் பிரேக்கைப் பின்சக்கரம் எழும்பும் அளவுக்கு அழுத்துவார். பிறகு பின் பிரேக். அதன் பிறகுதான் ஏறுவார். சின்ன வயதில் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

கணக்கும் கவனமும்

ஹேண்டில்பார், ஸ்டெம், அடாப்டர் 85 வெள்ளி. சரியான பிரேக் லீவர் 50. கியர் நெம்புகோல்கள் 110. சாலைக்கேற்ற வழுவழுப்பான டயர்கள் 80. கேபிள், செயின், கைப்பிடி நாடா 65. வீணான லீவரையும் சேர்த்தால் மொத்தம் 415 வெள்ளி.

எல்லாப் பழைய சைக்கிளுக்கும் இந்தச் செலவு தகுதியானதல்ல. சட்டகக் குழாய்கள் சேரும் இடங்களில் விரிசலோ ஆழமான துருவோ இருந்தால் விட்டுவிடுங்கள். இருக்கைத் தண்டு அசைகிறதா என்று பாருங்கள். நம் ஈரக் காற்றில் எஃகும் அலுமினியமும் ஒட்டிப்போவது சகஜம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் உள்ள சைக்கிளும் இதற்கு ஒத்துவராது.

சென்ற மாதம் படகில் ஏறினோம், சைக்கிளும் நானும். சுங்கை ரெங்கிட்டில் மதியச் சாப்பாடு. பிறகு கடலோரச் சாலை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டி தேசாரு சேர்ந்தபோது கை மரக்கவில்லை, கால்தான் கெஞ்சியது.

கிளம்பிய அன்று அதிகாலை அப்பாவும் கீழே வந்திருந்தார். புதுக் கொம்பை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி, இரண்டடி தள்ளி, முன் பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரம் எழும்பியது.

“ம், போயிட்டு வா” என்றார்.