நடைப்பயணக் குடிநீர் அமைப்பு

நடைப்பயணக் குடிநீர் அமைப்பு என்பது, குழாய்நீரோ கடையோ இல்லாத காடு, மலை, பாலைநிலப் பகுதிகளில் நடப்போரும் வேட்டையாடுவோரும் தமக்கு வேண்டிய குடிநீரைச் சுமந்து செல்லவும், வழியில் கிடைக்கும் நீரைத் தூய்மைப்படுத்திப் பருகவும் பயன்படுத்தும் கருவிகளின் தொகுப்பு ஆகும். உறிஞ்சு குழாயுடன் கூடிய நீர்ப்பை, கடினப் புட்டி, சுருட்டக்கூடிய மென்புட்டி ஆகியன இதன் முதன்மையான கொள்கலன் வகைகள். நீர் வடிகட்டி, தூய்மையாக்கும் மாத்திரை என்பனவும் இவ்வமைப்பின் பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆகும். வறண்ட நிலத்தில் நடப்பவரின் முதுகுப்பையில் மிகுந்த எடையுள்ள பொருள் பெரும்பாலும் நீரே. கூடுதலாகச் சுமந்தால் களைப்பு கூடும். குறைவாகச் சுமந்தால் உயிருக்கே இடர் நேரலாம். எனவே எந்தக் கொள்கலன் சிறந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. நிலத்தின் தன்மை, பருவம், நீர்நிலைகளுக்கு இடையிலான தொலைவு, பயணத்தின் நோக்கம் ஆகியவற்றைப் பொறுத்தே தெரிவு அமைகின்றது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நிலவும் சூழலைப் பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

வரலாறு

உலகின் பல பகுதிகளில் விலங்குத் தோற்பைகளும் சுரைக்குடுவைகளும் வழிநடைக் கொள்கலன்களாகப் பயன்பட்டுள்ளன. வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த அப்பாச்சி மக்கள், பின்னிய கூடையின் மேல் பைன் மரப் பிசினைப் பூசி நீர் கசியாத குடுவைகளைச் செய்தனர். அமெரிக்கப் படையினர் 1910 ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த, ஏறத்தாழ 0.95 லிட்டர் கொள்ளும் அலுமினியக் குடுவையை இரு உலகப் போர்களிலும் இடுப்பில் கட்டிச் சென்றனர்.

இன்று பரவலாக உள்ள அகன்ற வாய் நெகிழிப் புட்டி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 1949 இல் தொடங்கப்பட்ட நால்ஜீன் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கான நெகிழிக் கலன்களைச் செய்து வந்தது. அறிவியலாளர்கள் அக்கலன்களை மலைப் பயணங்களுக்கு எடுத்துச் செல்வதை அறிந்த நிறுவனம், 1970களில் அவற்றைப் பொதுமக்களுக்கும் விற்கத் தொடங்கியது.

குழாயுடன் கூடிய நீர்ப்பை மிதிவண்டிப் பந்தயம் ஒன்றில் பிறந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரில் கோடை வெயிலில் நடைபெறும் 100 மைல் (ஏறத்தாழ 160 கிலோமீட்டர்) மிதிவண்டிப் பயணத்தில், 1980களின் இறுதியில், மைக்கேல் ஐட்சன் என்னும் அவசர மருத்துவ ஊழியர் கலந்துகொண்டார். நரம்புவழி மருந்து செலுத்தும் பை ஒன்றில் நீரை நிரப்பி, அதனை நீண்ட காலுறைக்குள் இட்டு, சட்டையின் முதுகுப் பக்கத்தில் பொருத்திக்கொண்டார். அதன் மெல்லிய குழாயைத் தோளின் மேலாகக் கொண்டுவந்து, துணி மாட்டும் கவ்வியால் அடைத்து வைத்தார். இவ்வெண்ணத்திலிருந்து 1989 இல் கேமல்பேக் நிறுவனம் உருவானது. பின்னர் படையினர், மலையேறுவோர், வேட்டையாளர் என அனைவரிடமும் இவ்வமைப்பு பரவியது.

உடலின் நீர்த் தேவை

நடக்கும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை உடல் பெரும்பாலும் வியர்வை மூலமே வெளியேற்றுகின்றது. மிதமான வெப்பநிலையில் நடப்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் போதுமானதாக இருக்கும். வெயிலில் சுமையுடன் மேடு ஏறுபவருக்கு இது ஒரு லிட்டரை நெருங்கலாம். உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைந்தால் தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்குகின்றது. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 1.4 லிட்டர் ஆகும். நீரிழப்பு மேலும் கூடினால் தலைவலி, குழப்பம், வெப்பத் தாக்கு ஆகியன ஏற்படலாம்.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. வியர்வையுடன் உப்பும் வெளியேறுகின்றது. இழந்ததைவிட மிகுதியாக வெறும் நீரைப் பருகினால் குருதியில் சோடியத்தின் அளவு ஒரு லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். இது குருதிச் சோடியக் குறைவு எனப்படும். கடுமையான நிலையில் மூளை வீங்கி உயிரிழப்பும் நேரலாம். 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இக்குறைவு காணப்பட்டது. கிராண்ட் கேன்யனில் நடப்போரிடமும் இது பதிவாகியுள்ளது.

குமட்டல், தலைவலி, சோர்வு என்பன இரு நிலைகளுக்கும் பொதுவானவை. ஆகவே, களைத்துக் கிடப்பவருக்கு மேலும் மேலும் வெறும் நீரைப் புகட்டுவது தீங்காக முடியலாம். அமெரிக்கத் தரைப்படையின் வழிகாட்டுதல், கடும் வெப்பத்திலும் மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் பருகக் கூடாது என்கின்றது. தாகத்துக்கு ஏற்பப் பருகுவதும், இடையிடையே உப்புள்ள உணவை உண்பதும் பாதுகாப்பான வழியாகும்.

கொள்கலன் வகைகள்

நீர்ப்பை: நெகிழ்வான பாலியூரித்தேன் அல்லது பாலிஎத்திலீன் தாளால் செய்யப்படுகின்றது. 1.5, 2, 3 லிட்டர் அளவுகளில் பரவலாகக் கிடைக்கின்றது. முதுகுப்பைக்குள் முதுகை ஒட்டி வைக்கப்படுவதால் எடை உடலின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் அமைகின்றது. தோள் பட்டை வழியாக வரும் குழாயின் முனையில் சிலிக்கோன் வால்வு இருக்கும். பல்லால் கடித்தால் மட்டுமே இது திறக்கும். நடையை நிறுத்தாமலும் கைக்கோலைக் கீழே வைக்காமலும் பருகலாம் என்பதே இதன் பெரும் சிறப்பு.

கடினப் புட்டி: நெகிழி, எஃகு, அலுமினியம் ஆகியவற்றால் செய்யப்படுகின்றது. எளிதில் உடையாது. எஞ்சியுள்ள நீரின் அளவை ஒளிபுகும் நெகிழிப் புட்டியில் நேரடியாகக் காணலாம். முன்பு பாலிகார்பனேட்டால் செய்யப்பட்ட புட்டிகளிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் நீரில் கலப்பது குறித்து ஐயங்கள் எழுந்தன. அதனால் 2008 அளவில் பல தயாரிப்பாளர்கள் வேறு நெகிழிகளுக்கு மாறினர். ஒரு லிட்டர் அகன்ற வாய்ப் புட்டி ஏறத்தாழ 180 கிராம் எடை கொண்டது. கடைகளில் குடிநீருடன் விற்கப்படும் மெல்லிய புட்டியின் எடை இதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியது. நெடுந்தொலைவு நடப்போர் பலர் மெல்லிய புட்டியையே விரும்புகின்றனர். சில வடிகட்டிகளை அதன் திருகுவாயில் நேரடியாகப் பொருத்த முடிவதும் இதற்கு ஒரு காரணம்.

மென்புட்டி: வெறுமையாக இருக்கும்போது சுருட்டி வைக்கலாம். அன்றாடப் பயன்பாட்டைவிட, நீரில்லா இடத்தில் இரவு தங்கும்போது கூடுதல் நீரைச் சுமக்கவே இது பெரிதும் பயன்படுகின்றது. முள்ளும் கூரிய கல்லும் இதனைக் கிழிக்கக்கூடும்.

நிறை குறைகள்

• பருகும் எளிமை: நீர்ப்பை முதன்மையானது. புட்டியை எடுக்கப் பெரும்பாலும் நிற்க வேண்டும்.
• அளவு அறிதல்: நீர்ப்பை முதுகுப்பைக்குள் மறைந்திருப்பதால் எஞ்சிய அளவு தெரிவதில்லை. குழாயில் காற்று வரும்போதே நீர் தீர்ந்தது புலப்படும்.
• நிரப்புதல்: ஓடையில் புட்டியை நிரப்புவது எளிது. நீர்ப்பையை வெளியே எடுக்க முதுகுப்பையைப் பிரிக்க நேரிடும்.
• பழுது: நீர்ப்பையில் ஒரு சிறு துளையோ வால்வில் ஒரு கசிவோ நேர்ந்தால் நீர் முழுவதும் வீணாகலாம், உறங்கும் பையும் மாற்றுடைகளும் நனையலாம். இரண்டு புட்டிகளுள் ஒன்று உடைந்தாலும் மற்றது எஞ்சும்.
• தூய்மை: அகன்ற வாய்ப் புட்டியைக் கழுவுவது எளிது. குழாயின் உட்புறத்தைக் கழுவுவது கடினம்.

இக்காரணங்களால், நீர் முழுவதையும் ஒரே கொள்கலனில் வைப்பது தவறான முறையாகக் கருதப்படுகின்றது. நடக்கும்போது பருக ஒரு நீர்ப்பையும், தொடாத இருப்பாக ஒரு லிட்டர் புட்டியும் வைத்துக்கொள்வது பரவலான ஏற்பாடு. நீர்ப்பை வற்றியதும், இருப்பு ஒரு லிட்டர் மட்டுமே என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

கொள்ளளவைக் கணித்தல்

சுமக்க வேண்டிய நீரின் அளவைப் பின்வருமாறு கணிக்கலாம்:

தேவையான நீர் = (மணிக்குப் பருகும் அளவு × அடுத்த நம்பகமான நீர்நிலையை அடைய ஆகும் மணிநேரம்) + இருப்பு

இங்கு தொலைவைவிட நேரமே முதன்மையானது. ஒரே தொலைவைக் கடக்க, சமவெளியில் ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கு செங்குத்தான ஏற்றத்தில் ஆகலாம். நீரில்லா இடத்தில் இரவு தங்க நேர்ந்தால் சமையலுக்கும் மறுநாள் காலைக்குமாக மேலும் 2 லிட்டரேனும் சேர்க்க வேண்டும். நிலப்படத்தில் நீலக்கோடாகக் காணப்படும் ஓடைகள் அனைத்திலும் ஆண்டு முழுவதும் நீர் இருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

எடுத்துக்காட்டு: கிராண்ட் கேன்யன்

அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் தெற்கு கைபாப் பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமானது. இப்பாதை 2,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி 750 மீட்டர் அளவுக்கு இறங்குகின்றது. வழியில் குடிநீர் இல்லை, நிழலும் அரிது. கோடையில் அடிப்பகுதியின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும். இறங்க 5 மணிநேரம், மணிக்கு 0.7 லிட்டர் எனக் கொண்டால் 3.5 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் இருப்பையும் சேர்த்தால் 4.5 லிட்டர் ஆகின்றது. 3 லிட்டர் நீர்ப்பை ஒன்றும் புட்டிகளில் 1.5 லிட்டரும் இதற்குப் பொருந்தும்.

அருகிலுள்ள பிரைட் ஏஞ்சல் பாதையில் சில இடங்களில் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. எனினும் இவற்றுள் சில பருவத்துக்கு ஏற்ப மூடப்படுகின்றன. பள்ளத்தாக்கின் குறுக்கே நீரைக் கொண்டுவரும் பழைய குழாய்த்தொடர் பலமுறை உடைந்ததும் உண்டு. எனவே குழாய்நீரை நம்பிச் செல்வோரும் தூய்மையாக்கும் வழி ஒன்றைக் கையில் வைத்திருக்குமாறு தேசியப் பூங்காச் சேவை அறிவுறுத்துகின்றது. இப்பள்ளத்தாக்கில் முதலில் இறக்கமும், உடல் களைத்த பின்னர் ஏற்றமும் வருகின்றன. எனவே பாதி நீர் தீர்ந்ததும் திரும்பலாம் என்னும் கணக்கு இங்கு பொருந்தாது. ஏறும்போதே கூடுதல் நீர் தேவைப்படும்.

வேட்டையில் கருத்தில் கொள்ள வேண்டியவை

ராக்கி மலைத்தொடரில் எல்க் மான் வேட்டையாடுவோர் பாதைகளை விட்டு விலகி நாள் முழுவதும் நடப்பர். இவர்களின் தேவை சில வகைகளில் வேறுபடுகின்றது.

ஒலியும் அசைவும்: பாதி நிரம்பிய கடினப் புட்டியில் நீர் குலுங்கும், உலோகப் புட்டி கல்லில் பட்டால் ஒலி எழும். மான்கள் அசைவையும் எளிதில் கண்டுகொள்ளும். நீர்ப்பையை நிரப்பியபின் தலைகீழாகப் பிடித்து, உள்ளிருக்கும் காற்றைக் குழாய் வழியே உறிஞ்சி எடுத்துவிட்டால் நீர் குலுங்குவதில்லை. அசையாமல் காத்திருக்கும் வில் வேட்டையாளர், கையைச் சிறிதளவே அசைத்துக் குழாயிலிருந்து பருகலாம்.

இறைச்சி சுமத்தல்: வளர்ந்த எல்க் மான் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி 80 கிலோகிராமுக்கு மேலும் கிடைக்கக்கூடும். இதனைப் பலமுறை நடந்தே கொண்டுவர வேண்டும். ஆகவே நாளின் மிகக் கடுமையான உழைப்பு, கொண்டுவந்த நீர் ஏறத்தாழ தீர்ந்த பிறகே தொடங்குகின்றது. வேட்டைக்கு மட்டும் கணக்கிட்டு நீர் கொண்டுவருவோர் இந்நேரத்திலேயே இடர்ப்படுகின்றனர். தொடாத இருப்பும் வடிகட்டியும் இதற்கெனவே வேண்டும். இறைச்சிச் சுமையின் அழுத்தத்தில் நீர்ப்பை கசியாதவாறு அதனைத் தனி உறையில் வைக்க வேண்டும். விலங்கை அறுக்கும்போது வாய்முனையில் குருதி படாதவாறு மூடி வைப்பதும் இன்றியமையாதது.

உறைபனிக் காலம்

அக்டோபர், நவம்பர் மாத வேட்டைகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். நீர்ப்பையில் முதலில் உறைவது மெல்லிய குழாயும் வால்வுமே. பை நிறைய நீர் இருந்தும் ஒரு துளியும் பருக முடியாத நிலை ஏற்படும். ஒவ்வொரு முறையும் பருகியபின் குழாயில் ஊதி, நீரைப் பைக்குள் திருப்பி அனுப்புவது இதனை ஓரளவு தவிர்க்கும். கடுங்குளிரில் அகன்ற வாய்ப் புட்டியோ வெற்றிடக் குடுவையோ நம்பகமானது. பனிக்கட்டி நீரில் மிதப்பதால் உறைதல் மேற்பகுதியில் தொடங்குகின்றது. எனவே புட்டியைத் தலைகீழாக வைத்தால் அடிப்பகுதியே உறையும், மூடி அடைபடாது.

நீரைத் தூய்மைப்படுத்தல்

தெளிந்த மலையோடையிலும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய ஒட்டுண்ணிகள் இருக்கலாம்.

• வடிகட்டி: 0.1 மைக்ரோமீட்டர் துளையுள்ள நுண்குழல் வடிகட்டி, ஒட்டுண்ணிகளையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும். அதைவிடச் சிறிய தீநுண்மங்களும் கரைந்த வேதிப்பொருட்களும் இதில் நிற்பதில்லை. ஈரமான வடிகட்டி ஒருமுறை உறைந்தால் நுண்குழல்கள் வெடித்துவிடும். இச்சேதம் வெளியே தெரியாது. எனவே குளிர் இரவுகளில் வடிகட்டியை உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்வர்.
• குளோரின் டைஆக்சைடு மாத்திரை: எடை மிகக் குறைவு. கிரிப்டோஸ்போரிடியத்தை அழிக்க 4 மணிநேரம் வரை ஆகும். அயோடின் மாத்திரை இவ்வொட்டுண்ணியை அழிப்பதில்லை.
• கொதிக்கவைத்தல்: ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடங்கள் பரிந்துரைக்கப்படுகின்றது. எரிபொருள் செலவே இதன் குறை.

கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து வரும் நீரில் கரைந்துள்ள உலோகங்களை மேற்கூறிய எம்முறையும் நீக்காது. அத்தகைய ஓடைகளைத் தவிர்ப்பதே வழி.

பராமரிப்பு

நீர்ப்பையில் பூஞ்சை வளர்வதற்கு முதன்மையான காரணம், சர்க்கரை கலந்த பானங்களும் ஈரமும் ஆகும். நீர்ப்பையில் வெறும் நீரையும் புட்டியில் மட்டும் உப்பு, சர்க்கரைக் கலவையையும் வைத்துக்கொண்டால் இச்சிக்கல் குறையும். பயணம் முடிந்ததும் இளஞ்சூடான நீரிலும் சமையல் சோடாவிலும் கழுவி, குழாயைக் கழற்றி, வாயைத் திறந்து வைத்து உலர்த்த வேண்டும். முழுமையாக உலர்த்த இயலாவிடில், நீரை வடித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைப்பதும் பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் பையை நிரப்பி, அதன்மேல் சுமை வைத்து, கசிவு உள்ளதா எனச் சோதித்தல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

• உடல் நீரிழப்பு
• குருதிச் சோடியக் குறைவு
• வெப்பத் தாக்கு
• நீர் தூய்மையாக்கல்
• மலையேற்றம்