இல்லாமையினின்று படைப்பு

இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய சிவத்தலம். இத்தகைய ஊர்களிலே சிருஷ்டிப்பைப் போதிக்கும் நாம், சைவ சித்தாந்தத்தின் குயவன் உவமையை மறத்தலாகாது: இறைவன் குயவன், அநாதியான மாயையே மண். வடக்கே மரக்காணத்து உப்பளத்தாரும் பாத்தியில் உவர்நீர் தேக்கியே உப்பு விளைவிக்கின்றனர். ஆதியாகமத்தின் 'பாரா' என்னும் எபிரெய வினையோ தேவனையன்றி எவரையும் எழுவாயாகக் கொள்ளாது. ஆயினும் மூலப்பொருள் உண்டா, இல்லையா என அச்சொல் கூறுவதில்லை.

'இல்லாமையினின்று' என்னும் அறிக்கை எங்கே ஒலிக்கிறது? நமது திருமறைத் தொகுப்பில் சேராத 2 மக்கபேயர் 7:28இல், கொல்லப்படவிருக்கும் மகனைத் திடப்படுத்தும் யூதத் தாயின் வாயில். பவுலும் ரோமர் 4:17இல் சிருஷ்டிப்பையும் மரித்தோர் உயிர்பெறுதலையும் இணைக்கிறார். ஆகவே இவ்வுபதேசம் வெறும் உலகத்தோற்ற விளக்கமன்று; மரணத்தின் முன் நிற்கும் நம்பிக்கை. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலையிழந்து நிற்கும் உப்பளத் தொழிலாளிக்கு அதனை நம்பிக்கையாகவே அறிவிப்போமாக.