இலட்சத்தில் எழுதும் கணக்கு

குன்றாண்டார்கோவில் தன் குடைவரைக் கோயிலால் வரலாற்றாய்வாளரிடையே பெயர் பெற்றிருப்பினும், அரசுக் கோப்புகளில் அது புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றாகவே இடம்பெறுகிறது. இத்தகைய ஒன்றியங்களில் சாலைக்கும் சிறுபாலத்துக்கும் தயாராகும் மதிப்பீடுகளை ஆங்கிலத்தில் அட்டவணையாக்கும்போது, தலைப்பில் வழக்கமாக இடம்பெறும் தொடர் ‘ருபீஸ் இன் லாக்ஸ்’ என்பதாகும். கீழுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஓர் இலட்சத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆகவே அத்தலைப்பின் கீழ் 4.50 என்பது நான்கரை இலட்சத்தைக் குறிக்கும். அதே இடத்தில் 4,50,000 என்று முழுத்தொகையை எழுதிவிட்டால், ஒரு சிற்றூர்ச் சாலையின் மதிப்பு 4,500 கோடி ரூபாயாக உயர்ந்துவிடுகிறது. படிப்பவர் பிழையை ஊகித்துத் திருத்திக்கொள்வதால்தான் இது பெரும்பாலும் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. புள்ளிக்குப் பின் வரும் சுழியமும் கவனத்துக்குரியது: 4.5 என்பது 4,50,000 ரூபாய், 4.05 என்பதோ 4,05,000 ரூபாய் மட்டுமே. கடைசி ரூபாய் வரை காட்ட வேண்டுமெனில், 4,87,350 ரூபாயை 4.87350 என ஐந்து தசம இடங்களுடன் எழுதியாக வேண்டும்.

அலகு ஆவணத்துக்கு ஆவணம் மாறும். மாநில அரசின் மானியக் கோரிக்கைகள், அதாவது துறைவாரியாகச் சட்டமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்படும் செலவுத் தொகைகள், ஆயிரத்தில் தரப்படுகின்றன. மத்திய நிதிநிலை அறிக்கையோ கோடியில் பேசுகிறது. 2024-25 முழு ஆண்டுக்கான அதன் மொத்தச் செலவு மதிப்பீடு 48,20,512 கோடி ரூபாய் என்பதால், அதை 48.2 இலட்சம் கோடி என்று சுருக்குவது சரியே. இங்கு இலட்சமும் கோடியும் அடுத்தடுத்து வருவது பிழையன்று, ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது.

ஒருமை பன்மையில் இந்திய ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் பின்பற்றும் நெறி எளியது. எண்ணை அடுத்து வரும்போது ‘ஃபைவ் லாக் ருபீஸ்’ என ஒருமையும், எண்ணின்றித் திரளைச் சுட்டும்போது ‘லாக்ஸ் ஆஃப் பீப்பிள்’ எனப் பன்மையும் வரும். அலுவலகக் கடிதங்களில் ‘ஃபைவ் லாக்ஸ்’ நெடுங்காலமாக வேரூன்றிவிட்டதால், அதைக் குற்றமென்று சாடுவதில் பயனில்லை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதிருத்தல் போதுமானது.

வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது மட்டும் இந்தச் சலுகை செல்லாது. இலட்சமும் கோடியும் தெற்காசியாவுக்கு வெளியே பெரிதும் அறியப்படாதவை என்பதால், பத்து இலட்சத்தை ஒரு மில்லியன் எனவும், 12,34,567 என்பதை 1,234,567 எனவும் காற்புள்ளியையும் இடம்மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.