நாய்க்குட்டிக்கு ஓரிடம், ஒரு நேரம்

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பல. மருந்து, உணவு, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றைக் கேட்டு முடித்தபின், சற்றுத் தயங்கி, “வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருவோருக்கு இக்கேள்வி புதிதன்று. துறையில் மீன் இறங்கும்போது சுற்றி நிற்கும் நாட்டு நாய்கள் அங்கு என்றும் உள்ளவை. அவற்றோடு, வீட்டுக்குள்ளேயே வளரும் சிறிய இனக் குட்டிகளையும் இன்று காண்கிறோம். பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெண்ணிற நாய்களுள் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் இனத்தவை. உருவில் சிறியவை, நம் வெயிலுக்குப் பழகியவை, மனிதரை விட்டுப் பிரியாதவை.

பெரும்பாலான நோயாளிகளுக்கு எங்கள் விடை, ‘வைத்துக்கொள்ளலாம்’ என்பதே. அதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. குட்டிக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்து தர வேண்டும். மலம், சிறுநீர் கழிக்க ஓரிடத்தைப் பழக்க வேண்டும். முதல் இரண்டையும் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது முழுக்க முழுக்க வீட்டாரின் கையில் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே இங்கு விரிவாகப் பேசுகிறோம்.

மணலில் நடப்பது என்ன?

இடம் பழக்குவதை வீட்டுத் தரையின் தூய்மை சார்ந்த செய்தியாகவே பலரும் கருதுகின்றனர். கடற்கரை ஊர்களில் அது உடல்நலம் சார்ந்த செய்தியும் ஆகும்.

உருண்டைப்புழுக்கள் பெரும்பாலான குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுகின்றன. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குட்டியின் குடலிலும் அவை இருக்கலாம். அவற்றின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரமோ அதற்கு மேலோ கிடந்த பின்னரே அம்முட்டைகள் மனிதருக்குத் தொற்றும் நிலையை அடைகின்றன. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை சென்றால், ஈரலையோ நுரையீரலையோ, அரிதாகக் கண்ணையோ பாதிக்கக்கூடும்.

கொக்கிப்புழுவின் வழி வேறு. அதன் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மணலில் பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் திறன்கொண்ட இளம்புழுவாகிறது. அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும். பாதத்திலோ கையிலோ சிவந்த, வளைந்து வளைந்து நீளும், தாங்கவியலாத அரிப்புள்ள கோடு தோன்றினால் இப்புழுவை ஐயுற வேண்டும். மணலில் அமர்ந்து வலைக் கிழிசலைத் தைப்போரும், கருவாடு காயவைப்போரும், வெறுங்காலுடன் ஓடியாடும் சிறுவரும் நாள் முழுதும் அம்மணலோடு உறவாடுபவர்கள் என்பதை நினைவிற்கொள்க.

இவ்விரண்டு புழுக்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எளிய வழி புலப்படும். புதிய மலத்திலிருந்து இவை உடனே தொற்றுவதில்லை. அவற்றுக்கு நாட்கள் தேவை. மலத்தை அன்றன்றே அகற்றிவிட்டால் அந்த நாட்களை நாம் அவற்றுக்குத் தருவதில்லை. ஆனால் குட்டி எங்கே கழிக்கிறது என்று தெரிந்தால்தான் அன்றன்று அகற்ற இயலும். இடம் பழக்குவதன் முதற்பயன் இதுவே.

எவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை உண்போர் ஆகியோர் குட்டியின் மலத்தையும் சிறுநீரையும் கையாளலாகாது. அப்பணியை வீட்டில் நலமாயுள்ள ஒருவர் ஏற்க வேண்டும். இவர்கள் புதிதாகக் குட்டி வாங்க எண்ணியிருந்தால், மருத்துவரிடம் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளிடம் குடல்தொற்றுகள் மிகுதி.

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தோர் மணலில் செருப்பின்றி நடக்கலாகாது. காலிலுள்ள புண்ணை நாய் நக்கவும் விடலாகாது. ‘நாய் நக்கினால் புண் ஆறும்’ என்னும் பேச்சில் உண்மையில்லை. நாயின் உமிழ்நீரிலுள்ள நுண்ணுயிரிகள் புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும். மண்ணீரல் அகற்றப்பட்டோருக்கு அவ்வுமிழ்நீர் உயிராபத்தையே விளைவிக்கக்கூடும். முதியோருக்கும் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியோருக்கும் வேறோர் ஆபத்து உண்டு. ஈரத்தரையில் வழுக்குவதும், காலடியில் ஓடும் சிறு குட்டி தடுக்கி விழுவதும் எலும்பு முறிவில் முடியலாம். நோயாளி இரவில் எழுந்து நடக்கும் வழியில் குட்டியின் படுக்கை இருத்தல் கூடாது.

முதலில் இடம்

ஏரியில் எந்நாளில் எவர் எங்கே வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஒழுங்கு பழவேற்காட்டு மீனவர் நன்கறிந்தது. இடமும் முறையும் வரையறுக்கப்பட்டதால் பூசல் குறைகிறது. குட்டிக்கும் அவ்வாறே ஓரிடமும் ஒரு முறையும் வகுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தடுப்பூசிகள் முழுமையாகும் வரை, ஏறத்தாழ நான்கு மாத வயது வரை, மற்ற நாய்கள் உலவும் பொதுமணலுக்குக் குட்டியைக் கொண்டுசெல்ல வேண்டாம். பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மண்ணில் நெடுநாள் உயிர்த்திருக்கும். ஆகவே மணல்தட்டு ஒன்றை அமைத்துக்கொள்வது நல்லது. விளிம்பு தாழ்வான, அகன்ற பிளாஸ்டிக் தட்டில் நான்கு விரல் உயரத்திற்குத் தூய்மையான உலர்மணலை நிரப்பினால் போதும். அதைக் கொல்லைப்புறத்திலோ திண்ணையின் ஓரத்திலோ வைத்து, பின்னர் இடம் மாற்றாதிருங்கள். அடுப்படி, குடிநீர்க் குடம், கருவாடு காயும் இடம், வலை குவித்துள்ள இடம் ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும்.

வலைக்குவியல் குட்டிக்கு மெத்தைபோல் தோன்றும். ஒருமுறை அதில் சிறுநீர் கழித்துவிட்டால் அம்மணத்தைத் தேடி மீண்டும் அங்கேயே செல்லும். எனவே கண்காணிக்க ஆளில்லாத வேளைகளில் குட்டியை ஒரு சிறிய தடுப்புக்குள் விடுங்கள். நாய்கள் தாம் உறங்குமிடத்தை அசுத்தப்படுத்த விரும்புவதில்லை. படுத்துத் திரும்பும் அளவேயுள்ள பெட்டியோ கூடையோ இவ்வியல்பைத் துணையாகக் கொள்ளும்.

பிறகு நேரம்

குட்டியால் எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்க இயலும்? வயதை மாதங்களில் எண்ணி, அதனோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மிகுதியாக மூன்று மணிநேரம். சிறிய இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சிறிது. இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும்.

உறங்கி எழுந்தவுடன், உண்டபின் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள், விளையாடி ஓய்ந்தவுடன், இரவு உறங்குமுன் ஆகிய வேளைகளில் குட்டியைத் தட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். தொடக்க வாரங்களில் நள்ளிரவிலும் ஒருமுறை தேவைப்படும். தரையை மோந்தவாறு வட்டமிட்டால் அதுவும் அழைப்பே. விடியலுக்கு முன் கடலுக்கும் ஏரிக்கும் செல்வோர் எழும் நேரமே குட்டியின் முதல் முறையாக அமையலாம். பெண்கள் மீன் விற்கச் சென்றபின் வீட்டிலிருப்பவர் எவர், அடுத்த முறை எவருடையது என்பதை முன்னரே பேசிவைப்பது நன்று. அப்பொறுப்பு நோயாளியின் தலையில் தானாக வந்து விழுதல் கூடாது.

உணவும் நேரப்படி இருந்தால்தான் கழிவும் நேரப்படி இருக்கும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, சிறுசிறு அளவாகக் கொடுங்கள். தரை ஈரமாவதைத் தவிர்க்க எண்ணிக் குட்டியைப் பட்டினி போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும் தவறு. சிறிய இனக் குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை விரைவில் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். உப்பேறிய கருவாடும் மீன்முள்ளும் வேண்டாம். கரையில் வீசப்பட்ட பேத்தை மீனைக் குட்டி தின்றுவிடாமல் காக்க வேண்டும். அதன் நஞ்சு உயிரைக் கொல்லும்.

தட்டில் கழித்து முடித்த அந்நொடியே பாராட்டுங்கள். இன்சொல்லும், ஒரு துணுக்கு வேகவைத்த முட்டையும் போதும். சில நிமிடங்கள் கழித்துத் தரும் பரிசு எதற்கென்று குட்டிக்குப் புரியாது.

தவறினால் என்ன செய்வது?

குட்டியை அடிப்பதும், அதன் மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். இதனால் குட்டி கற்பது ஒன்றே: மனிதர் பார்க்கும்போது கழித்தல் ஆபத்து. அதன்பின் அது கட்டிலுக்கு அடியிலும் வலைக்குவியலின் பின்னும் ஒளிந்து கழிக்கும். நாம் தேடியும் காணாத இடத்தில் கிடக்கும் மலமே புழுக்களுக்கு வேண்டிய நாட்களைத் தருகிறது. தவறும்போதே கண்டால், மென்மையாகத் தூக்கித் தட்டில் விடுங்கள். பிறகு கண்டால், பேசாமல் துடைத்துவிடுங்கள்.

துடைக்கும்போது கையுறையோ பிளாஸ்டிக் பையோ அணிக. முதலில் தாளால் ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் கழுவி, நீர் கலந்த வினிகரால் துடைத்தால் மணம் குறையும். சிறுநீரின்மேல் நேரடியாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். எழும் வாயு மூச்சுக்குழாயை எரிக்கும். ஆஸ்துமா உள்ளோருக்கு அது மிகவும் தீது. ஃபினாயில் துடைத்த தரை உலரும் வரை குட்டியை விலக்கி வையுங்கள். இறுதியில் சோப்பிட்டுக் கைகழுவ மறவாதீர்கள்.

மலத்தைத் தினமும் அள்ளி, கிணறு, அடிகுழாய், கீரைப்பாத்தி ஆகியவற்றுக்குத் தொலைவில் ஒரு முழ ஆழக் குழியிலிட்டு மூடுங்கள். ஏரியில் எறிய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் தெருக்களில் குழி பயன்படாது. பையில் கட்டிக் குப்பையோடு சேர்ப்பதே நன்று. எலிக்காய்ச்சல் பரவும் காலமும் அதுவே. எலியின் சிறுநீரைப் போலவே, தொற்றுற்ற நாயின் சிறுநீரும் அக்கிருமியைச் சுமக்கும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம்.

பொறுமை இங்கு இன்றியமையாதது. முழுமையாகப் பழக ஆறு மாதமாகலாம்; சிறிய இனங்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். நன்கு பழகிய குட்டி திடீரெனத் தவறினால் அதை அடம் என்று கொள்ளாமல் நோயென ஐயுறுங்கள். மலத்தில் இரத்தம், வாந்தி, சோர்வு ஆகியவை கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

கீறலை மறைக்க வேண்டாம்

பயிற்சியின்போது குட்டியின் பல்லும் நகமும் படுவது இயல்பு. ‘குட்டிதானே’ என்று விட்டுவிடலாகாது. வெறிநோய் குட்டிகளிடமிருந்தும் பரவும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாது. தோன்றுமுன் தடுப்பது முற்றிலும் இயலும்.

தோலில் பல்லோ நகமோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அங்குத் தடுப்பூசிக்குக் கட்டணமில்லை. இரத்தம் கசிந்திருந்தால் தடுப்பூசியுடன் காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்னும் அச்சம் முதியோரிடம் இன்னும் இருக்கிறது. அப்பழைய மருந்து வழக்கொழிந்துவிட்டது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாட்களும் கையில் போட்டுக்கொண்டால் போதும். அடி விழுமோ, குட்டியை விரட்டிவிடுவார்களோ என்று அஞ்சிக் குழந்தைகள் கீறலை மறைப்பதுண்டு. ‘சொன்னால் எவரும் திட்டமாட்டோம்’ என்று அவர்களிடம் முன்னதாகவே கூறிவையுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் போட வேண்டும். குடற்புழு மருந்தை இரண்டு வார வயதிலிருந்தே தொடங்குவர். இரண்டின் தேதிகளையும் ஒரே அட்டையில் குறித்து, நோயாளியின் மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அவ்வட்டையையும் கொண்டுவாருங்கள். வீட்டில் எவர் நோயுற்றிருக்கிறார், குட்டிக்கு வயதென்ன, அதன் தட்டு எங்கே இருக்கிறது என்பதைச் செவிலியரிடம் சொன்னால், உங்கள் வீட்டுக்கு ஏற்றதை அவருடன் அமர்ந்து முடிவு செய்யலாம்.