திசை மாறிய கடன்

பருத்திக் காட்டிலிருந்து சட்டை வரை நீளும் உற்பத்திச் சங்கிலியின் நடுவே நிற்பது நூற்பாலை. திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர் வட்டார ஆலைகள் உள்ளிட்ட தமிழக ஆலைகளுக்குப் பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. அது நூலாகவும் துணியாகவும் மாறி அயல்நாட்டுக் கடைகளைச் சேர்கிறது. இந்த நடுக்கண்ணியில்தான் சுமங்கலித் திட்டம் என்று பெயரிடப்பட்ட முறை வளர்ந்தது.

ஏழை வீட்டுப் பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால், முடிவில் திருமணச் செலவுக்கென முப்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் என மொத்தத் தொகை கிடைக்கும் என்பதே அதன் வாக்குறுதி. பழைய கொத்தடிமை முறையில் முன்பணம் வாங்கிய தொழிலாளிதான் கடனாளி. இங்கே கூலியைப் பிடித்து வைத்திருக்கும் ஆலையே கடனாளி. ஆனாலும் இடையில் விலகினால் சேர்ந்த தொகை கைக்கு வராது என்ற அச்சம் கட்டிப்போடுவது தொழிலாளியைத்தான். பெயரின் மங்கலம் ஒப்பந்தத்தில் இல்லை.

கட்டாய உழைப்பு என்பதற்கு விலங்கும் பூட்டும் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைசெய்ய நேர்ந்தால், அதுவும் அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று அது தீர்ப்பளித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ 1976-ஆம் ஆண்டு முதலே இருக்கிறது.

சட்டம் ஆலையைப் பிடிக்கும்; விலையையும் கெடுவையும் தீர்மானிக்கும் அயல்நாட்டு வணிகப்பெயர்களைப் பிடிக்காது. அந்நிறுவனங்கள் நம்பியிருந்தது தணிக்கையை, அதாவது அவ்வப்போது வந்து பதிவேட்டைப் புரட்டிச் செல்லும் ஆய்வை. திண்டுக்கல்லை அடுத்த நாச்சி அப்பேரல் ஆலையில் பணியாற்றிய இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலைசெய்யப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர் கைதான பின், அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பெண்கள் தலைமையிலான தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கமும் அதன் ஆசிய, அமெரிக்கக் கூட்டாளி அமைப்புகளும் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன் 2022-இல் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கு எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வணிகப்பெயர்களும் தனித்தனியே கட்டுப்பட்டன. ஈஸ்ட்மேன் வாக்குத் தவறினால் கொள்முதலைக் குறைக்க வேண்டிய கடமை அவற்றுக்கு இருந்தது. அறிக்கையில் எழுதும் நல்லெண்ணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதிதான்.

அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பால் ஆன பொருளைத் தடுக்கும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி ஆடைகளைத் துறைமுகத்தில் நிறுத்தி, திருத்தங்களை ஏற்றுச் செப்டம்பரில் விடுவித்தது. ஒப்பந்தம் ஈஸ்ட்மேனின் திண்டுக்கல் நூற்பாலையையும் உள்ளடக்கியது அரிய செய்தி. ஆயினும் அக்கம்பக்கத்துப் பிற ஆலைகளும், அவற்றுக்குப் பஞ்சு தரும் காடுகளில் களையெடுத்துப் பருத்தி பறிக்கும் கைகளும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.