எலும்புக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள்

பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்ப அரை மணி தாமதமானாலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறோமே, சகோதரிகளே! ஸ்ரெப்ரெனிட்சா தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

யுகோஸ்லாவியா உடைந்தபோது போஸ்னியாவில் யுத்தம் மூண்டது. 1993-ல் ஐ.நா. சபை ‘பாதுகாப்பான இடம்’ என்று அறிவித்த ஊர் இது. (நல்ல பாதுகாப்பு!) 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படை புகுந்தது. பெண்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பிவிட்டு, முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாகச் சுமார் 8,000 பேரைக் கொன்று புதைத்தார்கள். பிறகு, தடயத்தை மறைக்க யந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே பிள்ளையின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில்!

உறவினரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். கிடைத்ததை அடக்கம் செய்வதா, மிச்சத்துக்குக் காத்திருப்பதா? தாய்தான் சொல்ல வேண்டும்.

தளபதி மிலாடிச் பிடிபட்டதே 2011-ல்தான். ஹேக் நகரில் 2017-ல் ஆயுள் தண்டனை. 2021-ல் அது உறுதியாயிற்று. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் கண்ணை மூடிவிட்டார்கள்.