இஎம்ஐ முடியறதுக்குள்ள ஸ்டிக் போயிடுமா? ஹேண்ட்ஹெல்ட் கன்சோல் வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



போனஸ் சீசன் வந்தாலே நம்ம சேனல் கமெண்ட்ல ஒரு கேள்வி தவறாம வரும். "ப்ரோ, ஹேண்ட்ஹெல்ட் கேம் கன்சோல் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். 70,000 ரூபாய். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,833 தான். வாங்கலாமா?"

வாங்காதீங்கனு சொல்றதுக்காக இந்தப் பதிவு இல்லை. மாசம் பூரா உழைக்கறீங்க, உங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயத்துக்குச் செலவு பண்றதுல தப்பே இல்லை. ஆனா நீங்க போட்ட கணக்குல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அந்த மெஷின்ல முதல்ல ரிப்பேர் ஆகப்போற பாகம் எது? அது போனா யார் கையிலிருந்து பணம் போகும்?

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம கன்சோல் வாங்கினவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்க கதையைப் பார்த்துட்டு நம்ம கணக்குக்கு வருவோம்.

ஜாய்-கான் டிரிஃப்ட்: சின்ன பாகம், பெரிய செலவு

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் தேதி வெளிவந்தது. அப்போ அமெரிக்காவில் விலை 299.99 டாலர். இதுவரை அதிகம் விற்ற கன்சோல்களில் அதுவும் ஒண்ணு. ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டற மாதிரி சின்ன கன்ட்ரோலர் இருக்கும். அதுக்குப் பேர்தான் ஜாய்-கான்.

கொஞ்ச காலத்திலேயே ஒரு புகார் கிளம்பிச்சு. ஸ்டிக்கைத் தொடாமலே கேம்ல இருக்கற ஆள் தானா நடக்கறான், மெனு தானா நகருது. இதைத்தான் டிரிஃப்ட்னு சொல்றாங்க.

ஏன் இப்படி ஆகுது? பழைய ரேடியோவோட வால்யூம் குமிழ் ஞாபகம் இருக்கா? பல வருஷம் திருப்பித் திருப்பி, கடைசியில தொட்டாலே "கரகர"னு சத்தம் வரும். அந்தக் குமிழுக்குள்ள ஒரு கார்பன் பாதையும், அது மேல உரசிக்கிட்டே போற ஒரு உலோக முள்ளும் இருக்கும். இதுக்குப் பேர் பொட்டன்ஷியோமீட்டர். ஜாய்-கான் ஸ்டிக்குக்குள்ளயும் அதே தத்துவம்தான். நீங்க ஸ்டிக்கைத் தள்ளும்போது முள் எங்க நிக்குதோ, அதை வெச்சுத்தான் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினீங்கனு மெஷின் புரிஞ்சுக்குது.

உரசற பொருள் தேயும். தேஞ்ச இடத்தில் அளவு மாறும். தூசி சேர்ந்தா இன்னும் மோசம். நீங்க கையை எடுத்த பிறகும், ஸ்டிக் நடுவுல இல்லைனு மெஷின் நினைச்சுக்கும். ஜாய்-கான் ரொம்ப ஒல்லியா இருக்கணும்ங்கறதால ஸ்டிக்கும் குட்டியா, தட்டையா செய்யப்பட்டது. பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?' 2022ல் பழுதான ஜாய்-கான்களைப் பிரிச்சு ஆராய்ஞ்சது. உள்ளே இருந்த சர்க்யூட் போர்டில் முள் உரசற இடம் கண்ணுக்குத் தெரியற அளவுக்குத் தேஞ்சிருந்தது. தூசியும் உள்ளே போயிருந்தது. கீழே போடாம, தண்ணி படாம, ஒழுங்கா வெச்சிருந்தாலும் விளையாட விளையாடத் தேயும். அதனாலதான் இதை வடிவமைப்புக் குறைனு சொல்றாங்க.

உரசலே இல்லாத ஸ்டிக் செய்ய முடியாதானு கேட்கலாம். முடியும். காந்தத்தை வெச்சு நகர்வை அளக்கிற ஹால் எஃபெக்ட் சென்சார்ல ஒண்ணோட ஒண்ணு தொடறதே கிடையாது. செகா கம்பெனி 1998லயே டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் இதைப் பயன்படுத்தியது. ஆனா 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2வை ஐஃபிக்ஸிட் பிரிச்சுப் பார்த்தப்போ, அதிலயும் பொட்டன்ஷியோமீட்டர் ஸ்டிக்தான் இருந்தது. அறிமுக விலை மட்டும் 449.99 டாலர்.

சரி, பணம் யார் கொடுத்தாங்க?

நமக்கு முக்கியமான பகுதி இதுதான்.

அப்போ அமெரிக்காவில் ஒரு ஜோடி ஜாய்-கான் 79.99 டாலரா இருந்தது. கன்சோல் விலையில் கால் பங்குக்கும் மேல. ரெண்டு ஜோடி மாத்தினா பாதி கன்சோல் காசு போயிடுச்சு. கடையில ஒட்டியிருந்த விலைச்சீட்டுல இந்தச் செலவு எங்கயும் இல்லை.

2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குப் போட்டாங்க. அதே மாசம், வாரண்டி முடிஞ்சாலும் டிரிஃப்டை இலவசமா சரிபண்ணிக் கொடுக்கச் சொல்லி சர்வீஸ் ஊழியர்களுக்கு உள்சுற்றறிக்கை போனதா செய்தி வந்தது. 2020 ஜூனில் நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்பு கேட்டார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், கிட்டத்தட்ட 25,000 புகார்களோட ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. புகார் கொடுத்தவங்கள்ல 88 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ளயே ஜாய்-கான் பழுதாகியிருந்தது.

இந்த 88ஐப் படிக்கும்போது ஜாக்கிரதை. ஸ்விட்ச் வாங்கினவங்கள்ல 88 சதவீதம்னு அர்த்தம் இல்லை. புகார் கொடுக்க வந்தவங்கள்ல 88 சதவீதம். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல ரிட்டர்ன் சதவீதம் பார்த்தா "எந்த வருஷத்துக்கு?"னு கேட்போம்ல, அதே மாதிரி இங்கயும் "யாரில் 88?"னு கேட்கணும்.

கடைசியா 2023 ஏப்ரலில்தான் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து வாடிக்கையாளர்களுக்கு, வாரண்டி முடிஞ்ச பிறகும் டிரிஃப்ட் ரிப்பேர் இலவசம்னு அறிவிப்பு வந்தது. கன்சோல் வந்து ஆறு வருஷம் கழிச்சு.

அறிவிப்பு எந்த ஊருக்குனு கவனிச்சீங்களா? ஐரோப்பிய யூனியனில் எந்தப் பொருளுக்கும் குறைஞ்சது ரெண்டு வருஷ சட்டப்பூர்வ உத்தரவாதம் உண்டு. அங்க வாங்கறவர் மெஷினோட சேர்த்து இந்த உரிமையையும் வாங்கறார். இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியா விக்கறதில்லை. இங்க நமக்குக் கிடைக்கிறது இறக்குமதி பீஸ். அதே மெஷின்தான் வரும், அந்த உரிமை கூட வராது. "கடை வாரண்டி 1 வருஷம்"னு சொல்றதெல்லாம், அந்தக் கடை இருக்கிற வரைக்கும், அந்தக் கடைக்காரர் மனசு இருக்கிற வரைக்கும்தான்.

மலிவு மாடல் எப்பவும் மலிவு இல்லை

2019 செப்டம்பரில் ஸ்விட்ச் லைட் வந்தது. 199.99 டாலர், நூறு டாலர் கம்மி. ஆனா அதில் கன்ட்ரோலரைக் கழட்ட முடியாது. ஸ்டிக் போனா முழு மெஷினையும் ரிப்பேருக்குக் கொடுக்கணும்.

சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்கோங்க. சாதா ஸ்விட்ச் 300 டாலர், மூணு வருஷத்துல ஒரு ஜோடி ஜாய்-கான் 80 டாலர். மொத்தம் 380. 36 மாசத்துக்கு வகுத்தா மாசம் 10.50 டாலர் சொச்சம். லைட் 200 டாலர். மூணு வருஷம் ஓடினா மாசம் 5.50 டாலர் சொச்சம், செம லாபம். ஆனா 18 மாசத்துல ஸ்டிக் போய், சர்வீஸ் இல்லாத ஊர்ங்கறதால ஓரமா வெச்சுட்டீங்கனா? மாசம் 11 டாலர். கம்மி விலைக்கு வாங்கினதுதான் அதிக விலை ஆயிடுச்சு.

பொருளோட உண்மையான விலை என்னன்னா, வாங்கின விலையோட ரிப்பேர் செலவைக் கூட்டி, திரும்ப விக்கும்போது வர காசைக் கழிச்சு, எத்தனை மாசம் ஓடுச்சோ அத்தனையால வகுக்கணும். பைக்குக்கும் இதே கணக்குதான், ஃபோனுக்கும் இதே கணக்குதான்.

ஒரு கம்பெனி மட்டும் இல்லைங்க

அசுஸ் ஆர்ஓஜி அல்லை எடுத்துக்கோங்க. 2023ல் வந்தது, இந்தியாவில் அறிமுக விலை 69,990 ரூபாய். அதுல மைக்ரோ எஸ்டி கார்டு செருகற இடம், சூடான காத்து வெளியே போற வழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கார்டு வேலை செய்யலைனு புகார்கள் குவிஞ்சதும், அதிக வெப்பத்தில் கார்டு ரீடர் கோளாறு ஆகலாம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது. அடுத்த வருஷம் வந்த அல்லை எக்ஸ் மாடலில் அந்த இடத்தையே மாத்திட்டாங்க. முதல் மாடலை முதல் வாரமே வாங்கினவங்க, கம்பெனிக்காகத் தங்கள் சொந்தக் காசில் டெஸ்ட் பண்ணிக் கொடுத்த மாதிரி ஆச்சு.

சில சமயம் குறை பழுதா வராது, பில்லா வரும். சோனி பிஎஸ் விட்டா 2012ல் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. அதில் சாதாரண மெமரி கார்டு போடவே முடியாது, சோனியோட தனி கார்டுதான் போடணும். 32 ஜிபி கார்டு 99.99 டாலர். கன்சோல் விலையில் 40 சதவீதம் ஒரு கார்டுக்கே!

நல்ல உதாரணமும் இருக்கு. 2022ல் வந்த வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக்கிலயும் ஸ்டிக் தேயக்கூடியதுதான். ஆனா ஸ்டிக் ஒரு தனி பாகமா, சில ஸ்க்ரூவைக் கழட்டினா வெளியே வர மாதிரி வெச்சாங்க. உதிரி பாகங்களையும் ஐஃபிக்ஸிட் மூலமா விக்கறாங்க. தேயற பாகம் எந்த மெஷின்லயும் இருக்கும். அதை மாத்த வழி வெச்சிருக்காங்களாங்கறதைத்தான் நீங்க பார்க்கணும்.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ஒரு நிமிஷம்

70,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,833. வட்டியே இல்லையா? இருக்கு. வட்டி அளவுக்கு முன்கூட்டியே டிஸ்கவுண்ட் கொடுத்து, வங்கி தன் வட்டியை உங்க இஎம்ஐக்குள்ளயே எடுத்துக்கும். ஆண்டு வட்டி 15 சதவீதம்னு வெச்சா, அந்த வட்டி சுமார் 5,370 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 965 ரூபாய், உங்க தலையில. சில வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும். கடையில நேரடியா கேஷ் டிஸ்கவுண்ட் கிடைச்சிருந்தா அதுவும் போச்சு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. எட்டாவது மாசம் ஸ்டிக் போயிட்டா, ஒன்பதாவது மாச இஎம்ஐ நிக்காது. ஓடாத மெஷினுக்கு நாலு மாசம் தவணை கட்டணும், ரிப்பேருக்குத் தனியா கொடுக்கணும். தவணை தவறினா அடி வாங்கறது உங்க கிரெடிட் ஸ்கோர். நாளைக்கு ஹோம் லோனுக்குப் போய் நிக்கும்போது, "சார், ஸ்டிக் டிரிஃப்ட் ஆயிடுச்சு"னு மேனேஜர்கிட்ட சொல்ல முடியாது.

வாங்கறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. இந்த மாடலோட பேர் சொன்னா எல்லாரும் சொல்ற புகார் எது? வாங்கின முதல் நாள் ரிவ்யூ பார்க்காதீங்க. ஒரு வருஷம் பயன்படுத்தினவங்க என்ன சொல்றாங்கனு பாருங்க.

2. வெளிவந்து ஆறு மாசமாவது ஆச்சா? முதல் தவணைத் தயாரிப்பின் குறைகள் வெளியே தெரியற வரைக்கும் பொறுங்க. அந்த ஆறு மாசம் பணத்தை ஆர்டியில் போட்டுட்டு வந்தா இஎம்ஐயும் சின்னதாகும்.

3. ஸ்டிக், பேட்டரி, கார்டு ஸ்லாட், இந்த மூணையும் மாத்த முடியுமா? உதிரி பாகம் நம்ம ஊர்ல என்ன விலை? ரிப்பேர் கடையில நேர்ல கேளுங்க.

4. வாரண்டி யாருடையது, கம்பெனியோடதா, கடையோடதா? ஜிஎஸ்டி பில் கொடுப்பாங்களா? பில் இல்லாம 2,000 ரூபாய் குறைச்சுத் தரேன்னு சொன்னா, அந்த 2,000க்கு நீங்க உங்க உரிமையை விக்கறீங்க.

5. செகண்ட் ஹேண்டா? செட்டிங்ஸில் ஸ்டிக் கேலிபிரேஷன் திரையைத் திறந்து, ஸ்டிக்கைச் சுத்திட்டு கையை எடுங்க. புள்ளி நடுவுக்கு வந்து அசையாம நிக்கணும். நின்னாத்தான் விலை பேசணும்.

6. விலையில் 10 சதவீதத்தை ரிப்பேருக்குனு தனியா எடுத்து வெக்க முடியுமா? 70,000க்கு 7,000. அது முடியலைனா அந்த மாடல் இப்போதைக்கு உங்க பட்ஜெட்டுக்கு மேல.

வாங்கின பிறகு பிரச்சினை வந்து கடைக்காரர் கையை விரிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க. அப்பவும் சரியாகலைனா மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுத்துடணும். அதுக்கெல்லாம் பில் வேணும், பில்லை ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க.

கடைசியா

ஸ்விட்ச் வாங்கினவங்க யாரும் ஏமாளிகள் இல்லை. நல்ல கேம்கள் இருக்கிற நல்ல மெஷினைத்தான் வாங்கினாங்க. விலைச்சீட்டுல எழுதாத ஒரு செலவு அவங்க தலையில விழுந்தது, அவ்வளவுதான். அதைத் திருப்பி வாங்க ஐரோப்பாக்காரங்களுக்கு ஆறு வருஷமும், பின்னால நிக்க ஒரு கூட்டமைப்பும் தேவைப்பட்டுச்சு. இறக்குமதி பீஸ் வாங்கற நமக்கு அப்படி யாரும் கிடையாது. அதனால நம்ம கணக்கை நாமதான் முன்கூட்டியே போடணும்.

இப்போ நீங்க பார்த்து வெச்சிருக்கற மாடல் எது, அதுல முதல்ல போகற பாகம் எதுனு கண்டுபிடிச்சுக் கமெண்ட்ல எழுதுங்க. மாசச் செலவுக் கணக்கையும் சேர்த்துப் போட்டீங்கனா, அடுத்த வீடியோவில் சிலதை எடுத்து அலசிப் பார்ப்போம். இஎம்ஐ பட்டனை அழுத்தப் போற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, அவருக்கு இன்னைக்கே இதை அனுப்பிடுங்க.